பள்ளக்காணியில் வீடா, வெளியா? யாழ் நகர விளிம்பில் ஒரு குளக்கரை பற்றிய நிகழ்வு ஆய்வு

இது வலிகாமத்தில், யாழ்ப்பாண மாநகர எல்லையை ஒட்டிய ஒரு பிரதேச சபைப் பகுதியில் 2019 கடைசியில் தொடங்கி 2025 வரை நடந்த விடயம். ஒரு சிறு குளம், அதை ஒட்டி 64 பரப்புத் (16 பரப்பு ஓர் ஏக்கர்) தாழ்நிலம், அதை வீட்டுக்காணியாகப் பிரித்து விற்கும் ஒரு திட்டம். இன்று அதில் 42 பரப்பு வெளியாகவே நிற்கிறது, 22 பரப்பில் வீடுகள் வருகின்றன, குளக்கட்டு வழியாக ஒரு நடைபாதை போகிறது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டிருக்கிறேன். சம்பந்தப்பட்ட எல்லோரும் இன்றும் ஒரே கோயில் வீதியில் முகம் பார்க்கிறவர்கள். இதற்காக அமைந்த ஊர்க்குழுவின் கூட்டக் குறிப்புகளை எழுதியவன் நான். ஆகவே இதை வெளியாளின் பார்வை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பின்னணி

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கத்தில் கடல்நீரேரியில் விழும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்ரோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் இருப்பது சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் நிற்கும் நிலத்தடி நீர் மட்டும்தான். அதிலும் அடியில் உவர்நீர், மேலே நன்னீர். மாரியில் பள்ளங்களில் தேங்கி இறங்கும் தண்ணீர் குறைந்தால், வைகாசி ஆனியில் கிணறு சவர்க்கத் தொடங்கும். குளம், கேணி, தரவை, வெள்ளவாய்க்கால் என்று முன்னிருந்தவர்கள் விட்டுவைத்த பள்ளங்களை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் குளம் சிறியது. மேற்குக் கரையில் மாடுகள் உடம்பை உரசிக்கொள்ள நட்ட ஓர் ஆவுரஞ்சிக் கல்லும் ஒரு பக்கம் சரிந்த சுமைதாங்கியும் நிற்கின்றன. மாடும் சுமைகாரரும் தங்கிப் போன வழி அது. வண்டில் பாதையாக இருந்து, குச்சொழுங்கையாகச் சுருங்கி, 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு பற்றை மூடிவிட்டது. குளத்தின் தெற்கிலும் மேற்கிலும் பனங்கூடலும் புல்வெளியும். மழை காலத்தில் குளம் நிரம்பி வழிகிற தண்ணீர் அந்த வெளியில் பரவி நிற்கும். இரண்டு வீட்டார் அங்கே மாடு கட்டி மேய்த்தார்கள், பொடியள் கிரிக்கெட் விளையாடினார்கள். யாரும் அதைப் பூங்கா என்று சொன்னதில்லை.

கிழக்கே ஓர் ஒழுங்கை. அதில் 2010க்குப் பிறகு வீட்டுத்திட்ட உதவியில் கட்டிய பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன. அந்தக் குடும்பங்கள் தலைமுறைகளாக மற்றவர்களின் காணியில் குடியிருந்தவை. சொந்தமாகக் காணி கிடைத்தபோது அவர்களுக்குக் கிடைத்தது பள்ளக்காணிதான். சாதியைச் சொல்லாமல் இதை எழுதினால் பாதிக் கதைதான் எழுதியதாகும்.

நகரத்தின் நிலைமையையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். யாழ் நகரச் சனத்தொகை 1981 கணக்கெடுப்பில் சுமார் 118,000. 2012இல் சுமார் 88,000. ஆட்கள் குறைந்தும் காணி விலை ஏறிக்கொண்டே போனது. வெளிநாட்டுக் காசு, மகளுக்கு வீட்டோடு சீதனம் கொடுக்கும் வழக்கம், பூட்டிக் கிடந்தாலும் விற்காத வளவுகள் எல்லாம் சேர்ந்து, விற்பனைக்கு வந்தவை பெரும்பாலும் பள்ளக்காணிகளாகவே இருந்தன.

காணி சந்தைக்கு வந்த விதம்

64 பரப்பும் இரண்டு துண்டுகள். 38 பரப்பு பிரிபடாத முதுசக்காணி (பரம்பரைச் சொத்து), ஐந்து பங்காளிகள். நாலு பேர் கனடாவில், ஊரில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. ஊரில் எல்லோரும் ரீச்சர் மாமி என்பார்கள். மற்ற 26 பரப்பு லண்டனில் உள்ள ஒருவருடையது. 2019 கடைசியில் நகரத்துத் தரகர் ஒருவர் இரு பக்கத்தாருடனும் பேசி முடித்தார். இரண்டு பரப்பு வீதம் வெட்டினால் வீதிகள் போக இருபத்தேழு, இருபத்தெட்டுத் துண்டுகள் வரும்.

தரகரைக் கெட்டவராகக் காட்ட ஒன்றுமில்லை. விசாரித்த எவருக்கும் பிளானைக் காட்டினார், மறைக்கவில்லை. மகளுக்குச் சீதனக்காணி தேடிய ஏழு குடும்பங்கள் அவரிடம் முற்பணமும் கொடுத்துவிட்டன. 2020 பெப்ரவரியில் பனங்கூடலுக்குள் சிவப்புப் பெயின்ற் அடித்த எல்லைக்கற்கள் நடப்பட்டன. மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. வேலை அப்படியே நின்றது. அந்தத் தடங்கல் இல்லாவிட்டால் டிசம்பருக்குள் வெளி மண் நிரவி மேடாகியிருக்கும், பிறகு பேச ஒன்றும் இருந்திருக்காது.

2020 டிசம்பர்: சுண்ணாம்புக் கோடுகள்

டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்தது. 2008 நவம்பர் நிஷா புயல் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இது புதுசல்ல. ஆனால் 2008இல் கிழக்கு ஒழுங்கையில் இந்தப் பன்னிரண்டு வீடுகளும் இல்லை.

இரண்டாம் நாள் சனசமூக நிலையத்துப் பொடியள் நாலைந்து பேரும், பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்த ஒரு பெண்ணும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். கோயில் மதிலுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பை வாளியில் கரைத்து, வெளிக்குள் இறங்கி, ஒவ்வொரு பனையிலும் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்கள். பக்கத்தில் திகதி. மறுநாள் பின்னேரம் அதே பனைகளில் இன்னொரு கோடு. இப்படித் தண்ணீர் வடியும் வரை. குளத்தடிப் பனைகளில் முதல் கோடு வளர்ந்த ஆளின் முழங்காலுக்கு மேலே நின்றது. அடுத்தடுத்த கோடுகள் இரண்டு விரல், மூன்று விரல் இடைவெளியில் கீழே இறங்கின. முற்றாக வடிய ஒன்பது நாள் எடுத்தது. றோட்டுப் பக்கம் வர வர முதல் கோடே கணுக்காலுக்கு இறங்கி, ஓரிடத்தில் கோடு போட இடமில்லாமல் தரை காய்ந்து கிடந்தது.

அந்த இடத்திலிருந்து றோட்டு வரை இருந்தது மேட்டுக்காணி, சுமார் 22 பரப்பு. மற்றதெல்லாம் பள்ளம். ஒரு சேவயரும் (நில அளவையாளரும்) வராமல், ஒரு கடதாசியும் இல்லாமல் இந்த எல்லை ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பனையையும் கோட்டோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்தார்கள். பிறகு எல்லாப் பேச்சிலும் முதலில் மேசைக்கு வந்தது அந்தப் படங்கள்தான்.

கிழக்கு ஒழுங்கையில் நிலைமை வேறு. மலசலகூடக் குழிகள் நிரம்பி முற்றத்துக்கு வந்தன. கிணற்றுக்கும் குழிக்கும் வித்தியாசம் இல்லாமல் ஒரே தண்ணீர். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கிணறுகளுக்குக் குளோரின் போட்டார். அந்த வீட்டாருக்குக் குளத்தடியில் புது வீடு வந்தால் என்ன நடக்கும் என்று யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. வெளியை நிரவினால் அங்கே நிற்கிற தண்ணீர் அடுத்த பள்ளத்தைத் தேடும். அடுத்த பள்ளம் அவர்களுடைய முற்றம்.

இரண்டு விண்ணப்பங்கள்

2021 தொடக்கத்தில் காணி பிரிப்புக்கான விண்ணப்பங்கள் பிரதேச சபைக்கு வந்தன. ஒன்றல்ல, இரண்டு. 38 பரப்புக்கு ஒன்று, 26 பரப்புக்கு வேறொன்று.

இதன் அர்த்தம் விதியைப் படித்தால்தான் தெரியும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986 திட்டமிடல் விதிகளிலேயே, பிரிக்கும் காணி ஒரு ஹெக்ரயருக்கு மேல் என்றால் வீதிகள் போக மிச்சத்தில் பத்து வீதத்துக்குக் குறையாமல் பொதுப் பாவனைக்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்க வேண்டும் என்று இருக்கிறது. நம்மூர்க் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர், ஒரு ஹெக்ரயர் ஏறத்தாழ முப்பத்தொன்பதரைப் பரப்பு. 38 பரப்பு அதற்குள் அடங்கும், 26 பரப்பும் அடங்கும். சேர்த்து 64 என்றால் அடங்காது. இரண்டு தோம்பு (காணிப் பதிவு), இரண்டு உரிமையாளர், ஆகவே இரண்டு விண்ணப்பம் என்று தரகர் சொன்னதிலும் பிழை இல்லை.

கிணற்றுக் கணக்கு இன்னும் இறுக்கமானது. இரண்டு பரப்பு என்பது சுமார் 506 சதுர மீற்றர், நீளமும் அகலமும் எழுபத்தைந்து அடிக்குச் சற்றுக் குறைவு. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு மூலையில் கிணறு, எதிர் மூலையில் குழி என்று தன் காணிக்குள் சமாளிக்கலாம். பக்கத்துக் காணிக்காரரும் அதையே செய்தால் அவருடைய குழி நம் கிணற்றுக்கு எவ்வளவு தூரம்? நாலு பக்கமும் வீடு வந்தால் இருபத்தெட்டுத் துண்டிலும் இந்தக் கணக்குச் சரிவராது. குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் துளையும் அதிகம். செம்மண் படையும் இந்தப் பள்ளத்தில் மெல்லியது. குழியில் இறங்குவது வடிகட்டாமலே நிலத்தடி நீருக்குப் போகும். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடி நிற்பது பல காலமாகப் பேசப்படும் விடயம். தோட்டத்து உரமும் குழிகளும்தான் காரணம் என்பதிலும் பெரிய தகராறு இல்லை.

குழுவின் முடிவுகளும் காரணங்களும்

சனசமூக நிலையம், கோயில் பரிபாலன சபை, மாதர் சங்கம் மூன்றிலிருந்தும் ஆட்களை எடுத்து ஒரு குழு அமைந்தது. கிழக்கு ஒழுங்கையிலிருந்து இரண்டு பேர் வேண்டும் என்பதற்கு முதல் கூட்டத்திலேயே வாக்குவாதம். கடைசியில் இருவர் வந்தார்கள். அது நடந்திராவிட்டால் பிறகு எடுத்த முடிவுகளில் பாதி வேறு மாதிரிப் போயிருக்கும்.

முதல் முடிவு, ‘வீடே வேண்டாம்’ என்று போகாமல் விடுவது. சிலர் நீதிமன்றத்துக்குப் போவோம் என்றார்கள். முற்பணம் கொடுத்த ஏழு குடும்பங்களும் இதே ஊர்தான், அவர்களை எதிர்ப்பக்கம் தள்ளினால் வெளியும் மிஞ்சாது, ஊரும் மிஞ்சாது என்று மாதர் சங்கத் தலைவி சொன்னதை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கோரிக்கை இப்படி அமைந்தது: சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலே வீடு கட்டுங்கள், கீழே கட்ட வேண்டாம்.

அடுத்தது, இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே திட்டமாக எடுக்கும்படி சபையைக் கேட்பது. வேறு வேறு உரிமையாளரின் காணிகளைச் சேர்த்துப் பார்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் கையை விரித்தார். ஆனால் பிளானை விரித்துப் பார்த்தபோது ஒரு விடயம் கண்ணில் பட்டது. 26 பரப்புக்குள் போகிற 20 அடி வீதி 38 பரப்பின் பிளானுக்குள்ளால்தான் போனது. அது இல்லாமல் சிறிய துண்டுக்கு வாசலே கிடையாது. ஒரு வாசலைப் பங்கிடும் இரண்டு திட்டம் எப்படி இரண்டாகும் என்று எழுத்தில் கேட்டோம். சபையின் திட்டமிடல் குழு மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. மேலதிக அறிக்கை வேண்டும் என்று கோப்பைத் திருப்பியது. எங்களுக்கு வேண்டியிருந்ததும் அந்த அவகாசம்தான்.

மூன்றாவதாக, சேவயரைக் கொண்டு மட்ட அளவை எடுத்தோம். செலவைச் சனசமூக நிலையமும் கோயிலும் பாதிப் பாதி போட்டன. பனைக் கோடுகளும் சேவயரின் மட்டமும் ஒரு சாணுக்குள் ஒத்துப்போயின.

கடினமான முடிவு, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பற்றியது. பிரிபடாத காணியில் ஒரு பங்காளி தன் பங்கை வெளியாருக்கு விற்கும்போது, மற்றப் பங்காளிகளுக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். முதலில் வாங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதற்கென்று 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. ரீச்சர் மாமிக்கு அப்படி ஓர் அறிவித்தல் வரவேயில்லை. அவர் வழக்குப் போட்டால் விற்பனை வருடக்கணக்கில் நிற்கும். குழுவில் பலரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

மாமி மறுத்துவிட்டார். “அண்ணற்ற பிள்ளையளை நான் கோட்டில ஏத்துறதோ? அவையளோட கதைக்க ஒரு வழி செய்து தாங்கோ தம்பி. பள்ளக்காணிய வீட்டுக்காணி எண்டு விக்காதேங்கோ எண்டு மட்டும்தான் நான் சொல்லுறன்.” உரிமை இருக்கிறது, ஆனால் அதை வழக்காக்கவில்லை என்று நொத்தாரிசு மூலம் ஒரு கடிதம் மட்டும் போனது. அதற்குப் பிறகுதான் ரொறன்ரோவில் இருந்தவர்கள் தொலைபேசியை எடுத்தார்கள்.

பேரமும் ரூபாயின் வீழ்ச்சியும்

2021 முழுக்கப் பேச்சு. யாருக்கும் பிடி கிடைக்கவில்லை. பள்ளத்தை வாங்கி ஊருக்கு விடுவதானால் யார் காசு கொடுப்பது? சபையிடம் கிடையாது.

2022 வந்தது. சீமெந்து விலை ஏறி, பெற்றோலுக்கு வரிசை நீண்டு, கட்டட வேலையெல்லாம் நின்றது. டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது ஒரு சில வாரங்களில் 360 வரை போனது. தரகரிடம் புதுசாக முற்பணம் கொடுக்க யாரும் வரவில்லை. அதே நேரம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள ஊர்ச் சங்கங்கள் சேர்த்த காசுக்கு இங்கே ஒன்றரை மடங்குக்கு மேல் பெறுமதி வந்தது. பள்ளத்துக்குப் பரப்பு விலை றோட்டோர விலையின் மூன்றில் ஒன்று என்று பேசி முடிந்தது.

இதைப் பெரிய வெற்றியாகச் சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கணிப்பில், நாடு வங்குரோத்தானது இல்லாவிட்டால் சுண்ணாம்புக் கோடும் சட்டக் கடிதமும் சேர்ந்தும் அந்த வெளியைக் காப்பாற்றியிருக்காது. அதிகம் போனால் பத்து வீதம் கிடைத்திருக்கும், வீதிகள் போகச் சுமார் ஐந்தரைப் பரப்பு. அதையும் குளத்தடியில் ஆருக்கும் வேண்டாத மூலையாகப் பார்த்து ஒதுக்கியிருப்பார்கள்.

காணி உறுதிகள் (பத்திரங்கள்) இப்படி முடிந்தன. பங்காளிகள் ஐவரும் வழக்கில்லாமல் பிரிவிடல் உறுதி எழுதினார்கள். மாமி தன் பங்கான எட்டுப் பரப்பையும் பள்ளத்திலேயே கேட்டு வாங்கி, நன்கொடையாக எழுதிக் கொடுத்தார். 34 பரப்பை ஊர்ச் சங்கம் வாங்கியது. மேட்டில் உள்ள 22 பரப்பைத் தரகர் பத்துத் துண்டாக விற்றார். 2022 கடைசியில், பள்ளத்தைத் திறந்தவெளியாக வைத்திருப்பதற்கும் குளக்கட்டுப் பாதைக்கும் சபை தீர்மானம் நிறைவேற்றியது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலும் நடக்கவில்லை. தீர்மானம் கோப்பில் கிடந்தது.

பாதை

2021 டிசம்பரில் நகரத்தில் ஆரியகுளம் புனரமைத்துத் திறக்கப்பட்டது. அதன்பிறகு எங்கள் கூட்டங்களில் குளம் என்றாலே எல்லோர் மனதிலும் அந்தப் படம்தான்: கைபிடிக் கம்பி, கல் பதித்த நடைபாதை, மின்விளக்கு. நாலு பக்கமும் வீதியும் கடையும் சூழ்ந்த நகரக் குளத்துக்கு அது பொருந்தும். எங்கள் குளத்துக்கு மாடு இறங்க வேண்டும், வழிகிற தண்ணீர் வெளிக்குப் பரவ வேண்டும். சுற்றிக் கட்டினால் இரண்டும் நிற்கும். ஆகவே இன்ரலொக் கல் வேண்டாம், கிறவல் போதும், கட்டின் சரிவை அப்படியே விடுவோம் என்று முடிவானது. வெளிநாட்டில் காசு தந்தவர்கள் சிலருக்கு இதில் மனக்குறை. படம் எடுத்துப் போட ஒன்றுமில்லையே என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார்.

2023 கோடையில் குளம் தூர்வாரப்பட்டது. எடுத்த மண்ணில் கட்டு உயர்ந்தது. சிரமதானத்தில் பற்றை வெட்டினார்கள், பழைய வண்டில் பாதை துலங்கியது. றோட்டிலிருந்து ஆவுரஞ்சிக் கல்லடி, குளக்கட்டு, வாய்க்கால் ஒதுக்கு வழியாகப் பாடசாலைப் பின்வாசல் வரை ஒரு கிலோமீற்றருக்குச் சற்று மேல் வரும். ஒரு பனையும் தறிக்கவில்லை. கரையில் மருதங்கன்றுகள் வைத்தார்கள். முதல் வருடத்தில் பாதியை ஆடு தின்றது.

பெரிய சண்டை கேற்றுக்காக வந்தது. பாதையின் கிழக்கு முனை அந்தப் பன்னிரண்டு வீட்டு ஒழுங்கைக்குள் திறக்கிறது. “இரவில குடிக்க வாறவங்கள், களவு போகும், கிழக்குப் பக்கம் ஒரு கேற்றுப் போட்டு ஆறு மணிக்குப் பூட்டுவம்” என்று குழுவில் ஒருவர் பிரேரித்தார். மேற்கில், றோட்டுப் பக்கம், கேற்று என்ற பேச்சே இல்லை. ஒழுங்கையிலிருந்து வந்த இரண்டு பேரில் மூத்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நீங்கள் பூட்டுறது களவுக்கோ எங்களுக்கோ எண்டு சொல்லிப்போட்டுப் பூட்டுங்கோ” என்றார். கூட்டம் அன்றைக்கு முடிவில்லாமல் கலைந்தது.

அடுத்த கூட்டத்துக்கு முன் மாமி பிரேரித்தவரின் வீட்டுக்குப் போய் வந்தார் என்று கேள்வி. என்ன பேசினார் என்பது எங்கள் குறிப்பில் இல்லை. அடுத்த கூட்டத்தில் பிரேரணை மீளப் பெறப்பட்டது. எந்த முனையிலும் கேற்று இல்லை, பதிலாக இரண்டு முனையிலும் ஒரேமாதிரி விளக்கு என்று எழுதினோம். குடிக்கிறவர்கள் வரத்தான் செய்கிறார்கள், பெரும்பாலும் மேற்குப் பக்கத்தால்.

மோட்டார் சைக்கிள் நுழையாமல் சிமெந்துக் கட்டைகள் நட்டோம். சைக்கிளும் மாடும் போகிற இடைவெளியில் மோட்டார் சைக்கிளும் போகும் என்பது இரண்டு கிழமையில் தெரிந்தது. இதற்கு இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை.

2024 நவம்பர் மழை

நவம்பர் கடைசியில் குடாநாடு முழுக்க வெள்ளம். அதே பனைகளில் மீண்டும் கோடு போட்டார்கள். வெளி முன்போலவே நிறைந்தது. அதற்குத்தானே அதை விட்டோம். தூர்வாரிய குளம் கூடுதலாகப் பிடித்ததாலும், பற்றை மூடிக் கிடந்த வாய்க்கால் திறந்திருந்ததாலும் தண்ணீர் ஐந்து நாளில் இறங்கியது. கிழக்கு ஒழுங்கையில் நாலு வீட்டு முற்றத்துக்கு இந்த முறையும் தண்ணீர் வந்தது. வாய்க்கால் பிரதான வீதியைக் கடக்கும் மதகு சிறிது. அது வேறு திணைக்களத்தின் கையில் இருக்கிறது. இரண்டு மழையும் ஒரே அளவல்ல என்பதால் ஒன்பதுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசத்தை முழுக்கப் பாதையின் கணக்கில் எழுத முடியாது. மேட்டில் கட்டிய வீடுகள் எதற்குள்ளும் தண்ணீர் போகவில்லை.

கிணறுகளைப் பற்றிச் சொல்ல நல்ல செய்தி உண்டு. குளத்தடிக் கிணறு ஒன்றில் சைக்கிளில் கான் கட்டி வந்து குடிதண்ணீர் எடுக்கிறவர்கள் 2025 ஆனியிலும் வந்துகொண்டிருந்தார்கள். முந்திய ஆண்டுகளில் ஆனிக்கு அந்தக் கிணறு வாயில் வைக்க முடியாதபடி சவர்த்துவிடும்.

வீடு கிடைக்காதவர்கள்

முற்பணம் கொடுத்த ஏழு குடும்பங்களில் நாலு குடும்பத்துக்கு மேட்டில் துண்டு கிடைத்தது. ஆனால் கூடிய விலைக்கு. துண்டுகள் குறைந்ததும், முன்னால் நிரந்தரமாக வெளி இருக்கும் என்ற உறுதியும் சேர்ந்து விலையை ஏற்றிவிட்டன. மற்ற மூன்று குடும்பங்கள் வாங்க முடியாமல் விலகின. தரகர் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், ரூபாய்க் கணக்கில். 2020இல் கொடுத்த ரூபாய் 2022இல் பாதிக் காணிக்கும் காணாது. ஒரு கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. ஒரு குடும்பம் நாலு கிலோமீற்றர் தள்ளி, நிரவிய வயற்காணி ஒன்றை வாங்கிக் கட்டியது. வயலை நிரவக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அந்தக் காணிக்கு அனுமதி இருந்ததா என்று அவர்கள் கேட்கவில்லை. 2024 நவம்பரில் அவர்களுடைய வீட்டுக்குள் தண்ணீர்.

இங்கே காத்த பள்ளத்துக்குப் பதிலாக அங்கே ஒரு பள்ளம் போனது என்று சொன்னால் மறுக்க முடியாது. அந்த வீட்டுக்காரர் ஒருமுறை பாதையில் என்னைக் கண்டு, “நல்லாத்தான் செய்திருக்கிறியள்” என்றார். அதைப் பாராட்டாக எடுக்க எனக்குத் துணிவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

வெளி வேண்டும் என்று கேட்கும் கூட்டத்திலேயே வீடு எங்கே என்ற கேள்விக்கும் விடை இருக்க வேண்டும். எங்கள் கிராம அலுவலர் பிரிவில் மட்டும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பதினொன்று இருக்கின்றன. அவற்றோடு, மேட்டு நிலத்தில் வெறும் வளவுகள் சில. இந்தக் கணக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் எடுக்கப்பட்டது. ரொறன்ரோவுடன் பேசிய அதே மூச்சில் அந்த வளவுக்காரரோடும் பேசியிருக்கலாம், அவர்களும் அதே சங்கங்களில்தான் இருக்கிறார்கள். ஏழு துண்டு அங்கே கிடைத்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை. கேட்டிருந்தால் இரண்டு துண்டாவது கிடைத்திருக்கும்.

எல்லைக்கல் நடுவதற்கு முன் வெள்ளக்கோடு போட வேண்டும். காணி சந்தைக்கு வந்து, பிளான் கீறி, முற்பணம் கைமாறிய பிறகு தண்ணீரைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் செலவு. ஒவ்வொரு மாரியிலும் ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் பள்ளங்களைக் கோடு போட்டுப் படம் எடுத்துப் பிரதேச செயலகத்தில் வைத்தால் போதும். ஒரு வாளி சுண்ணாம்பும் ஒரு கைத்தொலைபேசியும்தான் செலவு.

ஒரு ஹெக்ரயர் எல்லை பற்றியும் சபைகள் யோசிக்க வேண்டும். வாசலைப் பங்கிடும் துண்டுகள், ஒரே தரகர் விற்கும் அடுத்தடுத்த துண்டுகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் நடைமுறை ஒன்று தேவை. எங்கள் பகுதி மாதிரிச் சிறு தோம்புகளாகப் பிரிந்து கிடக்கும் ஊரில் 40 பரப்பு ஒரே உறுதியில் இருப்பது அபூர்வம். விதி இருந்தும் அது பெரும்பாலும் யாரையும் தொடுவதில்லை.

உறுதி விடயத்தில் இன்னும் சிக்கல் இருக்கிறது. 34 பரப்பும் சங்கத்தின் சார்பில் மூன்று பேரின் பெயரில் எழுதப்பட்டது. ஒருவர் 2024இல் பிள்ளைகளோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். நாளை அவருடைய பிள்ளைகள் பங்கு கேட்டால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. முதல் நாளே நம்பிக்கைப் பொறுப்பு உறுதியாக எழுதி, விற்கவோ கட்டவோ முடியாது என்ற நிபந்தனையைப் போட்டிருக்க வேண்டும். மாமியின் எட்டுப் பரப்பில் அந்த நிபந்தனை இருக்கிறது. தானே சொல்லி எழுதுவித்தார்.

பராமரிப்புக்கு நிரந்தர வழி இல்லை. விளக்குகளில் பாதி எரிவதில்லை. குப்பையை மாதர் சங்கம் மாதத்தில் ஒருமுறை அள்ளுகிறது, அடுத்த நாளே யாரோ பம்பஸ் பையைக் கொண்டுவந்து குளக்கட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். தூர்வாரலுக்குக் காசு கேட்டால் தருகிறவர்கள் விளக்குக் கட்டணத்துக்குக் கேட்டால் தருவதில்லை.

இப்போதைய நிலை

2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு புதிய சபை வந்தது. 2022 தீர்மானத்தைத் தூசு தட்டி எடுத்து, பாதையைச் சபையின் வீதிப் பதிவேட்டில் ஏற்றும்படி குழு மனுக் கொடுத்திருக்கிறது. ஏறினால் விளக்குக்கும் குப்பைக்கும் சபை பொறுப்பு. அதோடு கிழக்கு முனையை யாரும் மூடவும் முடியாது. மதகைப் பெருப்பிக்கும் கோரிக்கை உரிய திணைக்களத்துக்குத் தனியாகப் போயிருக்கிறது.

அதே கிழமையில் குளத்தின் வடக்குக் கரையில் உள்ள காணியைப் பிரிக்க வேறொரு விண்ணப்பம் சபைக்கு வந்தது. 39 பரப்பு. அந்த விண்ணப்பத்தோடு இந்த முறை 2020, 2024 கோடுகளின் படங்களும் கோப்பில் இருக்கின்றன. பூட்டிய வீடுகள், வெறும் வளவுகளின் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். திட்டமிடல் குழு இன்னும் கூடவில்லை.